பதினேழாவது பக்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு, கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒரு டவுன்லோட் லிங்க் அனுப்பினான். பகலில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, இரண்டரை வருடமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்திருக்கிறான். எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கவாட்டில் பார்க்கிற இருபரிமாண கேம். நீங்கள் ஒரு தீயணைப்பு வீரர். ஐந்து மாடிக் கட்டடம் எரிகிறது, உள்ளே ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள், கையில் தண்ணீர்க் குழாய். “வெளயாடிட்டு என்ன தோணுதோ அப்படியே சொல்லு மச்சான். மறைக்காத.”

நான் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 41 புள்ளிகள் கொண்ட பட்டியல் ஒன்று தயாரித்தேன். அலுவலகத்தில் கோட் ரிவ்யூ செய்து செய்து பழகிய கை. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அவசரம், நடுத்தரம், அற்பம் என்று தரம்கூடப் போட்டிருந்தேன். “தண்ணீர் பலவீனமாக இருக்கிறது.” “இரண்டாவது மாடி இசை எரிச்சலூட்டுகிறது.” “மேப் ஏன் இல்லை?” “நியூக்ளியர் பிளேஸ் விளையாடிப் பார், அதில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கவனி.” பதினேழாவது புள்ளி இது: “கதவுகள் காரணமே இல்லாமல் வெடிக்கின்றன. பக். அவசரம்.”

“தேங்க்ஸ் டா. ரொம்ப மெனக்கெட்டிருக்க” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் அந்த கேமைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தோம், கிரிக்கெட் பேசினோம், அவன் குழந்தைக்கு மொட்டை போட்டபோது போய் வந்தேன். கேம் மட்டும் எங்கள் பேச்சிலிருந்து காணாமல் போயிருந்தது. நானும் கேட்கவில்லை.

அந்தப் பட்டியலில் என்ன கோளாறு என்று எனக்குப் புரிய இரண்டு வரலாறுகள் தேவைப்பட்டன. ஒன்று, தீயை விளையாட்டாக்க முயன்றவர்களுடையது. இன்னொன்று, தீயிடம் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் அதை எப்படி எழுதிவைக்கக் கற்றார்கள் என்பது.

*

வீடியோ கேம்களில் தீ ரொம்பப் பழையது. 1980இல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம் அண்ட் வாட்ச் வரிசையில் ‘ஃபயர்’ என்று ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் திரை. எரிகிற கட்டடத்திலிருந்து ஆட்கள் குதிக்கிறார்கள். கீழே இரண்டு பேர் ஒரு விரிப்பைப் பிடித்தபடி ஓடியோடி அவர்களைத் தாங்கி, எம்ப வைத்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கவனித்தால், அந்த கேமில் யாரும் தீயை அணைப்பதே இல்லை. தீ அங்கே வெறும் பின்னணி. 1982இல் இமேஜிக் நிறுவனத்துக்காக பிராட் ஸ்டூவர்ட் அட்டாரி 2600இல் செய்த ‘ஃபயர் ஃபைட்டர்’ ஒரு படி முன்னே போனது. அதில் தண்ணீர் அடிக்கலாம், ஏணியை நீட்டி மாட்டிக்கொண்டவரை இறக்கலாம். இன்று பார்த்தால் ஆரஞ்சு நிறக் கட்டங்கள், அவ்வளவுதான்.

தீயை எதிரியாக வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வேற்றுக்கிரகவாசியைச் சுட்டால் அவர் மறைந்துவிடுவார். குண்டு பட்டதா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வராது. தீக்கு உடம்பு இல்லை. அணைத்த இடத்தில் மறுபடி பற்றும். நாம் அடிக்கிற தண்ணீர் படவில்லையா, பட்டும் போதவில்லையா, இல்லை நமக்குத் தெரியாத மூலையிலிருந்து பரவிக்கொண்டே இருக்கிறதா? விளையாடுகிறவருக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்றுக்கும் அவர் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தையும் ஒன்றுதான்: “தண்ணி வீக்கா இருக்கு.”

1994இல் ஜப்பானின் ஹியூமன் எண்டர்டெயின்மெண்ட் சூப்பர் ஃபாமிகாமுக்குச் செய்த ‘தி ஃபயர்மென்’ இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்த கேம். ஒரு கிறிஸ்துமஸ் இரவில் எரியும் ரசாயன நிறுவனக் கட்டடம். பீட் என்பவராக நாம் ஆடுகிறோம். டேனியல் என்கிற கூட்டாளி நம் உத்தரவுக்குக் காத்திருக்காமல் கோடாலியோடு தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார். தண்ணீரை இரண்டு விதமாக அடிக்கலாம். தூரத்துக்கு ஒன்று, காலடித் தீக்கு ஒன்று. தேவைப்பட்டால் தவழ்ந்து போகலாம். தீயிலேயே வகைகள் உண்டு: தரையில் ஊர்வது, சுவரில் ஏறுவது, துரத்துவது. அதாவது உருவமில்லாத எதிரிக்கு அவர்கள் நடத்தையைக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை நல்ல கேம் அமெரிக்காவில் வெளியாகவே இல்லை.

நான்கு வருடம் கழித்து, 1998இல், சேகா சாட்டர்ன் அதன் அந்திமக் காலத்தில் இருந்தபோது சோனிக் டீம் ‘பர்னிங் ரேஞ்சர்ஸ்’ வெளியிட்டது. எதிர்காலத் தீயணைப்புப் படை, வண்ண வண்ணக் கவசங்கள், கொஞ்சம் அனிமே மிகை. ஆனால் அதில் ஒரு விஷயம் இன்றுவரை எனக்குப் பிடிக்கும். திரையில் மேப் கிடையாது. வழி தெரியவில்லையென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். காதில் ஒரு பெண் குரல், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தக் கதவு என்று சொல்லும். சுவர் வெடித்துத் தீ பாயப்போகிறது என்பதையும் முதலில் காதுதான் கண்டுபிடிக்கும். புகைக்குள் கண் உதவாது என்கிற நிஜத்தை அவர்கள் கேமின் அடிப்படை விதியாகவே ஆக்கியிருந்தார்கள். “மேப் ஏன் இல்லை?” என்று கேட்ட என்னைப் போன்ற ஒருவர் 1998இல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ஓரத்தில் சின்ன மேப் வந்திருக்கும். அந்தக் குரல் போயிருக்கும்.

*

கார்ட்ரிட்ஜ் காலத்தில், கேம் கடைக்கு வந்தபின் யார் என்ன சொன்னாலும் பெரிதாகப் பயனில்லை. அடுத்த கேமில் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். செய்துகொண்டிருக்கும்போதே பத்துப் பேரிடம் கொடுத்து, திட்டு வாங்கி, திருத்துவது சின்ன ஆட்களுக்கும் வாய்த்தது இணையம் வந்த பிறகுதான். அதற்கு ஒரு நல்ல உதாரணம் லூடும் டேர். 2002இல் ஜெஃப் ஹவுலேண்ட் தொடங்கிய போட்டி. ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஒரு வாரக்கடைசிக்குள் ஒரு கேமை முடித்துத் தர வேண்டும்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது கேம் செய்வதல்ல, அதற்குப் பின்னால் வருகிற வாரங்கள். போட்டியாளர்கள் ஒருவர் கேமை ஒருவர் விளையாடி மதிப்பெண்ணும் கருத்தும் எழுதுவார்கள். பரிசுத்தொகை எதுவும் கிடையாது. அடுத்தவர் கேமுக்கு எவ்வளவு அக்கறையாகக் கருத்து எழுதுகிறீர்களோ அவ்வளவுக்கு உங்கள் கேம் மற்றவர் கண்ணில் படும்படி அந்த அமைப்பு வேலை செய்கிறது. மொய் மாதிரிதான். எழுதி வைத்தால் திரும்பி வரும். மனித சுபாவம் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

2021 ஏப்ரலில் நடந்த 48ஆவது லூடும் டேருக்குத் தலைப்பு ‘ஆழமாக, இன்னும் ஆழமாக’ என்ற பொருளில் வந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் செபாஸ்டியன் பெனார். பிரான்ஸின் போர்தோ நகரில் மோஷன் ட்வின் என்கிற கூட்டுறவு நிறுவனத்தில் ‘டெட் செல்ஸ்’ கேமை வடிவமைத்தவர். டெட் செல்ஸே 2017இல் பாதி வெந்த நிலையில் விற்பனைக்கு வந்து, விளையாடியவர்களின் புகார்களைக் கேட்டுக் கேட்டு 2018இல் முழுமையடைந்த கேம்தான். லட்சக்கணக்கில் விற்றது. அங்கிருந்து விலகித் தனியாளாக வேலை செய்யத் தொடங்கிய பெனார் அந்த வாரக்கடைசியில் செய்தது ஒரு தீயணைப்பு கேம். பூமிக்கடியில் எரியும் ஒரு மர்மமான வளாகத்துக்குள் இறங்கிப்போகும் ஒற்றைத் தீயணைப்பு வீரர். அதே ஆண்டு அக்டோபரில் அது ‘நியூக்ளியர் பிளேஸ்’ என்ற முழு கேமாக வெளியானது. தண்ணீர் அளவோடுதான் கிடைக்கும். ஒரு சின்னத் தணலை விட்டுவிட்டு நகர்ந்தால் திரும்பி வருவதற்குள் அறையே பற்றியிருக்கும். கதவுகளுக்குப் பின்னால் பேக்டிராஃப்ட் காத்திருக்கும். மீட்பதற்குப் பூனைகள் உண்டு. சின்னக் குழந்தைகள் ஆடுவதற்கென்று தனியாக ஒரு எளிய முறையும் அதில் இருக்கிறது. பெயர்பெற்ற ஒரு வடிவமைப்பாளர், முன்பின் தெரியாத போட்டியாளர்களிடம் அரைகுறை கேமைக் கொடுத்துக் கருத்துக்குக் காத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தோழனின் கேமுக்கு முன்பே நான் நியூக்ளியர் பிளேஸ் விளையாடி முடித்திருந்தேன். அதில் கதவைத் திறந்ததும் தீ சீறி வந்து நான் செத்தபோது, “செம டிசைன்” என்று நண்பர்கள் குழுவில் எழுதினேன். தோழனின் கேமில் கதவைத் திறந்ததும் தீ சீறி வந்து நான் செத்தபோது, “பக். அவசரம்” என்று எழுதினேன். பெயர்பெற்றவர் செய்தால் டிசைன். கூடப் படித்தவன் செய்தால் பக்.

*

இரண்டாவது வரலாறு என்னிடம் வந்து சேர்ந்த விதம் தற்செயல். அலுவலகத்தில் ஒரு பெரிய கோளாறு நடந்து, யார் தலை உருளும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த வாரம். யார் தவறு என்று கேட்காமல் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுவது எப்படி என்று விளக்க, மூத்தவர் ஒருவர் சில மாதிரி ஆவணங்களை அனுப்பினார். அவற்றில் ஒன்றுகூட மென்பொருள் சம்பந்தப்பட்டதில்லை. எல்லாமே அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் மரண அறிக்கைகள்.

1999 மே 30, அதிகாலை. வாஷிங்டன் டிசியில் செர்ரி ரோடு என்கிற தெரு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். தரைத்தளம், மேல்தளம், கீழே ஒரு நிலவறை. தீ நிலவறையில் பிடித்திருந்தது. வீரர்கள் முன்வாசல் வழியாகத் தரைத்தளத்துக்குள் போனார்கள். புகை, கண் தெரியவில்லை, ஆனால் பெரிய தீ எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. வீட்டின் பின்பக்கம் தரை தாழ்வாக இருந்ததால் நிலவறைக்கு அங்கே நேராக ஒரு சறுக்குக் கண்ணாடிக் கதவு இருந்தது. இன்னொரு குழு அந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்தது.

தீக்குத் தேவை எரிபொருள், வெப்பம், காற்று. நிலவறையில் முதல் இரண்டும் தாராளமாக இருந்தன. காற்று மட்டும் தீர்ந்துபோய், தீ மூச்சு முட்டி அடங்கிக் கிடந்தது. கதவு திறந்ததும் வெளிக்காற்று உள்ளே போனது. நிலவறை முழுதும் எழுந்த வெப்பத்துக்கு மேலே போக ஒரே வழி, படிக்கட்டு. படிக்கட்டின் மேல்முனையில் வீரர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். மற்றவர்களுக்கு மோசமான தீக்காயம்.

பின்பக்கக் கதவைத் திறந்த குழுவுக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. முன்னால் போனவர்களுக்குப் பின்னால் ஒரு கதவு திறக்கிறது என்று தெரியாது. ஒவ்வொருவரும் அவரவர் நின்ற இடத்தில் தெரிந்ததை வைத்துத்தான் செயல்பட்டார்கள்.

இப்படியான மரணங்களை விசாரிக்க 1998இலேயே அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன் அறிக்கைகளைப் படிப்பது ஒரு விநோதமான அனுபவம். வீரர்களின் பெயர் இருக்காது. யார்மீதும் குற்றம் சுமத்துவது நோக்கமில்லை என்று அந்தத் திட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறது. பிறகு கட்டடம் எப்படி இருந்தது, யார் எந்த வாசல் வழியாகப் போனார், அப்போது என்ன தெரிந்தது, என்ன கேட்டது, வானொலியில் யார் என்ன சொன்னார், அதை யார் கேட்டார் என்று நேரப்படி போகும். “அந்தக் கதவை ஏன் முட்டாள்தனமாகத் திறந்தாய்?” என்கிற தொனியே எங்கும் கிடையாது. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது இருக்கிற கவனம் அது என்று முதலில் நினைத்தேன். முழுக்க அப்படியில்லை. குற்றம் சாட்டினால் உயிரோடு இருப்பவர் அடுத்த முறை தான் பார்த்ததைச் சொல்ல மாட்டார். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அது வெறும் இரக்கமில்லை, காரியக் கணக்கும்கூட.

செர்ரி ரோடு விஷயத்தில் இன்னொரு நிறுவனமும் இறங்கியது. தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஸ்ட். அவர்கள் அப்போதுதான் ஒரு மென்பொருளை உருவாக்கி முடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், புகை, காற்று எப்படி நகரும் என்று கணிக்கிற மென்பொருள். ஃபயர் டைனமிக்ஸ் சிமுலேட்டர். 2000இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. செர்ரி ரோடு வீட்டை அதற்குள் கட்டி, அதே நேரத்தில் அதே கதவைத் திறந்து பார்த்தார்கள். கதவு திறந்ததும் காற்று எந்த வழியாகப் போனது, வெப்பம் எந்தப் படிக்கட்டில் ஏறியது என்று அதில் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு தீயணைப்பு சிமுலேஷன்தான். ஆடுகிறவர் கிடையாது, ஜெயிப்பது கிடையாது, முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும்.

காகிதத்தில் சொன்னால் களத்து ஆட்கள் நம்பிவிடுவார்களா? இருபது முப்பது வருட அனுபவம் உள்ளவர்களிடம் போய் “கதவைத் திறப்பதும் காற்று கொடுப்பதுதான்” என்று கம்ப்யூட்டர் படத்தைக் காட்டினால் என்ன பதில் வரும் என்று ஊகிக்கலாம். 2012 ஜூலையில் நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் கவர்னர்ஸ் தீவில், ஒரு காலத்தில் கடலோரக் காவல்படைக் குடும்பங்கள் வசித்து, பிறகு கைவிடப்பட்ட சுமார் இருபது வீடுகளில் நிஜமான சோஃபா, மெத்தைகளைப் போட்டு எரித்தார்கள். நிஸ்ட், யூஎல் என்கிற பரிசோதனை நிறுவனம், நியூயார்க் தீயணைப்புத் துறை மூன்றும் சேர்ந்து. அறையெங்கும் அளவிடும் கருவிகள். பழைய வீடுகளில் பருத்தியும் மரமும் எரிந்தன. இன்றைய வீட்டில் எரிவது பெரும்பாலும் ஃபோமும் பிளாஸ்டிக்கும். சீக்கிரம் எரிந்து, இருக்கிற காற்றையெல்லாம் குடித்துவிட்டு, தீ தானாகச் சுருங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடங்கிவிட்டது போலத் தெரியும். அப்போது ஒரு கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை, தங்கள் வாழ்நாள் முழுக்கக் கதவுகளை உடைத்துப் பழகியவர்கள் எதிரே நின்று பார்த்தார்கள். கதவு, ஜன்னல் பற்றிய பயிற்சிகள் அதற்குப் பிறகு மாறத் தொடங்கின.

இரண்டு வரலாறுகளும் ஒரு இடத்தில் தொட்டுக்கொண்டதும் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய வருடங்களில் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள், நியூயார்க் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து ‘ஹாஸ்மாட்: ஹாட்ஸோன்’ என்ற பயிற்சி கேமை உருவாக்கினார்கள். ரசாயனக் கசிவு மாதிரியான ஒரு சூழலை ஆசிரியர் அமைப்பார், வீரர்கள் குழுவாக ஆடுவார்கள், முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் மீதியெல்லாம்.

*

செர்ரி ரோடு அறிக்கையைப் படித்த அன்றிரவு, மெட்ரோவில் வீடு திரும்பும்போது, பதினேழாவது புள்ளி ஞாபகம் வந்தது. நேரம் பத்தரை. சாப்பிடாமல் பழைய லேப்டாப்பைத் தேடி எடுத்தேன். தோழனின் கேம் இன்னும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தது. இந்த முறை திரையைப் பதிவு செய்ய வைத்துவிட்டு ஆடினேன்.

இரண்டாவது மாடி, மூன்றாவது கதவு. திறந்தேன், வெடித்தது, செத்தேன். பதிவைத் திருப்பிப் பார்த்தேன். கதவுக்கு அடியில், நாலைந்து பிக்சல் உயரத்தில், மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. வந்த புகை திரும்ப உள்ளே போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது, கதவு மூச்சு விடுவது மாதிரி. பேக்டிராஃப்டுக்கு முன் நிஜத்தில் தெரிகிற அடையாளங்களில் ஒன்று அது. உள்ளே காற்றுக்கு ஏங்குகிற தீ, இடுக்கு வழியாக இழுத்து இழுத்து விடும். மற்ற கதவுகளைப் போய்ப் பார்த்தேன். வெடிக்காத கதவுகளில் புகை இல்லை, அல்லது ஒரே திசையில் சாதாரணமாகக் கசிந்தது. வெடிக்கிற கதவுகளில் மட்டும் மூச்சு. ஒரு கதவுகூடக் காரணமில்லாமல் வெடிக்கவில்லை.

அவன் அந்தப் புகையை வரைய எத்தனை இரவு எடுத்திருப்பான் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் பட்டியலைத் திறந்து முழுக்கப் படித்தேன். நாற்பத்தொன்றில் பொய் என்று எதுவும் இல்லை. மரியாதைக்குறைவான வார்த்தைகூடப் பெரிதாக இல்லை. விமர்சனத்தை இரண்டு பாராட்டுக்கு நடுவில் வைத்து பன் மாதிரி கொடுக்க வேண்டும் என்று அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். வைத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அந்தப் பட்டியல் முழுக்கத் தீர்ப்புகள். பலவீனம், எரிச்சல், குழப்பம், பக். நான் எங்கே நின்றேன், எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதை எதிர்பார்த்து எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று ஒரு வரிகூட இல்லை. “தண்ணீர் பலவீனம்” என்று படித்தவன் என்ன செய்வான்? தண்ணீரின் வேகத்தைக் கூட்டுவான். உண்மையில் நடந்தது என்னவென்று பதிவில் பார்த்தேன்: எட்டு விநாடி ஒரே மேஜைமேல் அடித்திருக்கிறேன், தீ மெதுவாகக் குறைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, ஆனால் ஆவியோ ‘உஸ்’ஸென்ற சத்தமோ இல்லாததால் படவில்லை என்று நினைத்து நகர்ந்திருக்கிறேன். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு சத்தம். நான் கேட்டது பெரிய மோட்டார்.

நம்மூரில் இதற்கு இரண்டே வழிதான் தெரியும் என்று சில சமயம் தோன்றும். “சூப்பர் மச்சி, கலக்கிட்ட” அல்லது பரீட்சை பேப்பர் திருத்துவது. நான் பொறியியல் படித்தவன். இரண்டாவது எனக்குச் சுலபமாக வரும்.

அன்றிரவு புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். புள்ளிகள் இல்லை, தரம் இல்லை. விசாரணை அறிக்கை மாதிரி நேரப்படி. “1:40. முதல் மாடி ஏணி. கீழே ஒரு ஆளின் குரல் கேட்கிறது, இடமா வலமா என்று தெரியவில்லை, வலப்பக்கம் போகிறேன். 2:05. மேஜைத் தீ. எட்டு விநாடி அடிக்கிறேன். அணையவில்லை என்று நினைக்கிறேன்.” இப்படியே கதவு வரை. கதவு வந்த இடத்தில், “3:31. கதவைத் திறக்கிறேன். சாகிறேன். கதவுக்கடியில் புகை உள்ளே இழுப்பதைப் பதிவில்தான் பார்த்தேன். ஆடும்போது பார்க்கவில்லை. போன வருடமும் பார்க்கவில்லை, பக் என்று எழுதிவிட்டேன். மன்னிச்சிரு” என்று முடித்து, வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். மணி இரண்டு.

காலையில் போன் வந்தது.

“அந்தப் புகைக்கு ஆறு ராத்திரி ஆச்சுடா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. “நீ மட்டும் இல்ல. நாலு பேருக்கு அனுப்புனேன், ஒருத்தனும் பாக்கல. ஒருத்தன் கதவே வேணாம்னுட்டான். சரி, நமக்குக் காட்டத் தெரியல போலன்னு மூடி வெச்சுட்டேன்.”

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.

“வீடியோ பாத்தேன். கதவுகிட்ட வரும்போது உன் கண்ணு எங்க இருந்துச்சு?”

“தெரியலையே.”

“மூணு நிமிசம் இருபத்தஞ்சு செகண்டு. ஓட்டிப் பாரு.”

ஓட்டிப் பார்த்தேன். திரையின் வலது மேல் ஓரத்தில் தண்ணீர் அளவுகாட்டி சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கால்வாசிக்குக் கீழே போனால் மினுக்கும்படி அவனே வைத்தது. அந்தக் கதவுக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட எல்லோருக்குமே தண்ணீர் கால்வாசிக்குக் கீழே போயிருக்கும்.

“மேல பாத்துட்டு இருந்திருப்பேன்” என்றேன்.

“அதான். கீழ பாக்க வேண்டிய நேரத்துல மேல பாக்க வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். பின்னால் அவன் மனைவி, ஆபீஸுக்கு நேரமாகிறது என்று ஏதோ சொல்வது கேட்டது. “இருடி, ஒரு நிமிசம்” என்றவன் என்னிடம், “வேற யாரு வீடியோ எடுத்து அனுப்புவா? ஃபயர் சர்வீஸ்ல உனக்கு யாரையாச்சும் தெரியுமா?” என்று கேட்டான்.

மூன்று வாரம் கழித்து அடுத்த பில்ட் வந்தது. அளவுகாட்டி வீரரின் முதுகில் இருக்கும் சிலிண்டருக்கே இடம் மாறியிருந்தது. மினுக்கல் போய்விட்டது. தண்ணீர் பட்ட இடத்தில் ஆவி எழுந்தது. மேப் இன்னும் இல்லை. நான் கேட்கவில்லை. பதிவை ஓடவிட்டு ஆரம்பித்தேன். கதவுகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டே போனேன், மூச்சு விடுகிற கதவு ஒன்றைத் திறக்காமல் தாண்டினேன், மூன்றாவது மாடியில் ஒரு அம்மாவையும் பையனையும் கண்டுபிடித்தேன், அவர்களோடு படியிறங்கும்போது மேலிருந்து கூரை விழுந்து செத்தேன். 6:48. கூரை விழுவதற்கு முன்னால் ஏதாவது சத்தம் கேட்டதா என்று எனக்கு நினைவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன்.